மைதான ஓரத்தில் நின்று கற்றவர்

"டக் பீடர்சன் ஆட்டக்காரராகப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அப்படியிருக்க, பயிற்சியாளராகி எப்படி சூப்பர் பவுலை வென்றார்? நன்றாக ஆடியவர்கள்தானே நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்களை மட்டும் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. 1991-இல் தொடங்கி 2004 வரை அமெரிக்கக் கால்பந்தின் உச்ச அமைப்பான என்.எஃப்.எல். (அதன் ஆண்டு இறுதி ஆட்டமே சூப்பர் பவுல்) அணிகளைச் சுற்றியே வாழ்ந்த மனிதர் அவர். அத்தனை ஆண்டுகளில் தொடக்க ஆட்டக்காரராகக் களமிறங்கியது 17 ஆட்டங்களில் மட்டும். அவற்றிலும் அவருடைய அணி வென்றது மூன்றே மூன்று. ஆனால் அவரைப் பயிற்சியாளராக்கியது அந்த 17 ஆட்டங்கள் இல்லை, மற்ற எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்க, அவர் வகித்த மாற்று குவார்ட்டர்பேக் என்ற இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு திட்டம் உண்டு. யார் எத்தனை அடி ஓடி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், யார் யாரை மறிக்க வேண்டும் என்று பதினொரு பேருக்கும் தனித்தனி வேலை. தன் வேலையை மட்டும் தெரிந்துகொண்டால் பத்துப் பேருக்குப் போதும். தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் மட்டும் பதினொரு பேரின் வேலையையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். எதிரணித் தடுப்பாளர்கள் நிற்கும் விதத்தைப் பார்த்து, சில நொடிகளுக்குள் திட்டத்தையே மாற்ற வேண்டியவரும் அவர்தான்.

மாற்று குவார்ட்டர்பேக் இந்தப் பாடம் முழுவதையும் படிக்க வேண்டும். ஆனால் வாரப் பயிற்சியில் பெரும்பகுதி முதல் ஆட்டக்காரருக்கே போய்விடும். மாற்று ஆட்டக்காரருக்குக் கிடைப்பது, அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் குவார்ட்டர்பேக் போல ஆடிக்காட்டித் தன் அணித் தடுப்பாளர்களைத் தயார்செய்யும் வேலை. இதனால் எதிரணியின் தாக்குதல் முறையும் அவருக்கு அத்துப்படியாகிவிடும். ஆட்ட நாளன்று பயிற்சியாளரின் பக்கத்தில் நின்று, அழைக்கப்படும் ஒவ்வொரு திட்டத்தையும் கேட்டு, அது பலித்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பார். எந்த நொடியில் முதல் ஆட்டக்காரருக்கு அடிபடும் என்று தெரியாது. வருடம் முழுவதும் ஒரு முறைகூட அழைப்பு வராமலும் போகலாம். பயிற்சியாளர் தொழிலைக் கற்க இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை.

பீடர்சன் 1968-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில், கனடா எல்லைக்கு அருகே பிறந்தவர். கல்லூரிக்காக நாட்டின் மறுகோடிக்கு, லூசியானா மாநிலத்து மன்ரோ நகருக்குப் போனார். அங்கே வடகிழக்கு லூசியானா பல்கலைக்கழகத்துக்காக 1989-இல் ஒரே ஆட்டத்தில் 619 கெஜம் பந்து வீசினார். ஆனாலும் 1991-இல் கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, பன்னிரண்டு சுற்றுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் வாசிக்கப்பட்டும் அவர் பெயர் வரவில்லை. மயாமி டால்ஃபின்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது, விடுவித்தது, மறுபடியும் சேர்த்துக்கொண்டது. அங்கே முதல் ஆட்டக்காரர் டான் மரினோ. அவரைத் தாண்டி யாருக்கும் இடமில்லை.

1993 அக்டோபரில் மரினோவின் குதிகால் தசைநாண் அறுந்தது. அவருக்குப் பதிலாக ஆடிய ஸ்காட் மிட்செல், நவம்பர் 14 அன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியுடனான ஆட்டத்தில் தோளில் அடிபட்டு வெளியேறினார். மூன்றாவது ஆளான பீடர்சன் உள்ளே போனார். சாதாரண ஆட்டம் அல்ல அது. டால்ஃபின்ஸ் பயிற்சியாளர் டான் ஷுலா, ஜார்ஜ் ஹாலஸின் 324 வெற்றிகள் என்ற சாதனையைக் கடக்க ஒரு வெற்றி மட்டும் பாக்கி. பீடர்சன் பந்தைத் தொலைக்காமல் ஆட்டத்தை நிதானமாக முடித்துவைக்க, மயாமி 19-14 என்று வென்றது. ஆட்டக்காரர்கள் ஷுலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஃபிலடெல்ஃபியாவின் வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தில் நடந்தார்கள். அந்த ஊரையும் அந்த ஸ்டேடியத்தையும் நினைவில் வைத்திருங்கள். அவருடைய கதை திரும்பத் திரும்ப அங்கேதான் போகிறது.

1995-இல் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போனார். அங்கே முதல் ஆட்டக்காரர் பிரெட் ஃபாவ். 1992-இல் தொடங்கி 2010 வரை ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ந்து 297 ஆட்டங்களில் களமிறங்கிய மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு மாற்றாக இருப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கட்டங்களாக எட்டுப் பருவங்களில் கிரீன் பேயில் இருந்தும், ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட பீடர்சன் தொடக்க ஆட்டக்காரராகத் தொடங்கவில்லை. 1997 ஜனவரியில் பேக்கர்ஸ் சூப்பர் பவுலை வென்றபோது மூன்றாவது குவார்ட்டர்பேக்காக அணியில் இருந்தார். வெற்றி மோதிரம் அவருக்கும் உண்டு.

கிரீன் பேயில் அவர் செய்த இன்னொரு வேலையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கம்பத்துக்கு நடுவே பந்தை உதைக்கும்போது அதை நிறுத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும். பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர் பீடர்சன். ஏழெட்டு கெஜம் பின்னால் மண்டியிட வேண்டும். வேகமாகப் பின்னோக்கி வரும் பந்தைப் பிடித்துத் தரையில் நிறுத்தி, அதன் தையல் உதைப்பவரின் காலில் படாதபடி விரலால் திருப்பிவிட வேண்டும். எல்லாம் ஒரு நொடி வேலை. சரியாகச் செய்தால் யாருக்கும் அவர் பெயர் நினைவிருக்காது. தவறினால் ஊர் முழுக்க அதையே பேசும். ஆட்டத்தின் இப்படிப்பட்ட சின்ன மூலைகளில் எல்லாம் அவர் கை பட்டிருக்கிறது.

அவர் கிரீன் பேயில் இருந்தபோது குவார்ட்டர்பேக்குகளின் பயிற்சியாளராக இருந்தவர் ஆண்டி ரீட். 1999-இல் ரீட் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளரானதும் பீடர்சனையும் அழைத்துக்கொண்டார். அந்த ஆண்டு கல்லூரி வீரர்களின் தேர்வில் ஈகிள்ஸ் ஒட்டுமொத்த வரிசையில் இரண்டாவதாக டானவன் மக்னாப் என்ற இளைஞரை எடுத்திருந்தது. அவர் பழகும்வரை நாற்காலியைச் சூடாக வைத்திருக்க ஒருவர் வேண்டும், ரீடின் ஆட்டமுறையை அருகிலிருந்து அவருக்குச் சொல்லித்தரவும் வேண்டும். இதுதான் பீடர்சனுக்கு ஒப்படைக்கப்பட்ட பணி. தன் இடத்தைப் பிடிக்கப்போகிறவருக்கே பாடம் நடத்த வேண்டும்! ஒன்பது ஆட்டங்களைத் தொடங்கினார், இரண்டில் அணி வென்றது. வெட்டரன்ஸ் ஸ்டேடியத்து ரசிகர்கள் வாரந்தோறும் அவரைக் கூச்சலிட்டு விரட்டினார்கள். நவம்பரில் மக்னாப் வந்தார். அடுத்த ஆண்டு கிளீவ்லாண்டில் எட்டு ஆட்டங்கள், ஒரு வெற்றி. பிறகு கிரீன் பேக்கே திரும்பி, ஃபாவின் பக்கத்தில் மறுபடி நான்கு ஆண்டுகள்.

ஓய்வுபெற்றதும் அவர் போன இடம், லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் கால்வரி பாப்டிஸ்ட் அகாடமி என்ற பள்ளி. என்.எஃப்.எல்.லில் உதவிப் பயிற்சியாளர் வேலை தேடி அலையாமல், 2005 முதல் 2008 வரை பள்ளிச் சிறுவர்களுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். நான்கு ஆண்டும் அவருடைய அணி தோற்றால் வெளியேறும் மாநில பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. பின்னாளில் இந்தப் பள்ளிக்கூட அனுபவத்தைக் காட்டியே பலர் அவரைக் குறைத்துப் பேசினார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. பதினாறு வயதுப் பையனிடம் சிக்கலான சொற்களைக் கொட்ட முடியாது. எளிமையாகச் சொல்ல வேண்டும், பையனுக்கு எது வருமோ அதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். பின்னாளில் அவரைக் காப்பாற்றிய வழக்கம் இதுதான்.

2009-இல் ரீட் மறுபடி அழைத்தார். ஈகிள்ஸில் அடிமட்ட உதவியாளர் வேலை. 2011-இல் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர். 2012-இல் அந்த அணி மூன்றாம் சுற்றில் நிக் ஃபோல்ஸ் என்பவரை எடுத்தது. அவருடைய முதல் பருவத்தில் அவருக்குப் பாடம் நடத்தியவர் பீடர்சன். 2013-இல் ரீட் கன்சாஸ் சிட்டிக்குப் போனபோது தாக்குதல் ஆட்ட ஒருங்கிணைப்பாளராகக் கூடவே போனார். 2016 ஜனவரியில் ஈகிள்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. வரவேற்பு மந்தமாகவே இருந்தது. முதல் ஆண்டு ஏழு வெற்றி, ஒன்பது தோல்வி. 2017 பருவம் தொடங்கும் நேரத்தில், முன்பு சில அணிகளின் நிர்வாகத்தில் இருந்த மைக் லோம்பார்டி, தன் முப்பதாண்டு அனுபவத்தில் இவ்வளவு தகுதி குறைந்த தலைமைப் பயிற்சியாளரைப் பார்த்ததில்லை என்ற பொருளில் பேசினார். பின்னர் தான் சொன்னது தவறென்று அவரே ஒப்புக்கொண்டார்.

அந்தப் பருவத்தில் ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ். 13 ஆட்டங்களில் 33 டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) வீச்சுகள். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் அந்தக் கடைசிக் கோட்டை நோக்கித் தாவியபோது அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. பருவம் முடிந்துபோனது என்றே எல்லோரும் எழுதினார்கள். மாற்று ஆட்டக்காரர் ஃபோல்ஸ். 2016-இல் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர் அவர்.

இந்த இடத்தில் அணியின் தாக்குதல் ஆட்டத்தை யார் நடத்தினார்கள் என்று பாருங்கள். தலைமைப் பயிற்சியாளர் பீடர்சன், வாழ்நாள் மாற்று ஆட்டக்காரர். ஒருங்கிணைப்பாளர் ஃபிராங்க் ரைக், பஃபலோ பில்ஸில் ஜிம் கெல்லிக்கு மாற்றாக இருந்தவர். 1993 ஜனவரியில் கெல்லி காயத்தால் ஆட முடியாதபோது களமிறங்கி, ஹூஸ்டனுக்கு எதிராக 3-35 என்ற நிலையிலிருந்து 41-38 என்று வென்று காட்டியவர். பிளேஆஃப் வரலாற்றில் அதைவிடப் பெரிய மீட்சி இன்றுவரை இல்லை. இப்போது அவர்கள் முன்னால் நின்றவரும் ஒரு மாற்று ஆட்டக்காரர். திடீரென்று உள்ளே அனுப்பப்படுகிறவனின் வயிற்றில் என்ன புரளும் என்று அந்த இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்கள் செய்தது இதுதான்: வென்ட்ஸுக்காக எழுதிய திட்டங்களுக்குள் ஃபோல்ஸைத் திணிக்கவில்லை. 2013-இல் ஃபோல்ஸ் 27 டச் டவுன்களுக்கு வீசி, எதிரணி கையில் இரண்டே இரண்டு பந்துகளைக் கொடுத்திருந்த பருவம் ஒன்று உண்டு. அந்தப் பழைய ஆட்டப் பதிவுகளை எடுத்து, எந்த மாதிரி வீச்சுகளில் அவர் இயல்பாக இருக்கிறார் என்று பார்த்தார்கள். ஒரே ஒரு தடுப்பாளரைக் கவனித்து, அவர் முன்னே வந்தால் பந்தை வீசுவது, பின்வாங்கினால் ஓட்டக்காரரிடம் கொடுப்பது என்ற எளிய முறையைத் தொடக்கத்திலேயே அதிகம் கொடுத்தார்கள். முதல் பிளேஆஃப் ஆட்டத்தில் அட்லாண்டாவை 15-10 என்று தட்டுத்தடுமாறி வென்றார்கள். அடுத்ததில், அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த தடுப்பணிகளில் ஒன்றான மினசோட்டாவை 38-7 என்று புரட்டிப்போட்டார்கள். ஃபோல்ஸ் வீசியது 352 கெஜம்.

இறுதி ஆட்டம் 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ். எதிரே பில் பெலிசிக், டாம் பிரேடி, நடப்புச் சாம்பியன் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். முதல் பாதி முடிய 38 நொடிகள். ஈகிள்ஸ் 15-12 என்று முன்னிலை. பந்து கோட்டிலிருந்து ஒரு கெஜத்தில், முயற்சி நான்காவது. வழக்கப்படி இங்கே எளிய உதையில் மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்வார்கள். பீடர்சன் உதைப்பவரை அனுப்பவில்லை. ஃபோல்ஸ் மைதான ஓரத்துக்கு நடந்துவந்து, "ஃபில்லி ஃபில்லி வேண்டுமா?" என்று கேட்டார். கையில் திட்ட அட்டையுடன் நின்ற பீடர்சன் கணநேரம் யோசித்தார். "சரி, அதையே செய்வோம்" என்றார். திட்டத்தின் சரியான பெயர் 'ஃபில்லி ஸ்பெஷல்'. ஃபோல்ஸ் பெயரை மாற்றிச் சொன்னார், பீடர்சனுக்குப் புரிந்தது.

ஃபோல்ஸ் எதையோ சொல்லித் திருத்துவது போல தன் அணி மறிப்பாளர் வரிசையின் வலப்பக்கத்துக்கு நடந்துபோய் நின்றுவிட்டார். பந்து அவரிடம் வராமல் கோரி கிளமென்ட் என்ற ஓட்டக்காரரிடம் நேராகப் போனது. அவர் இடப்பக்கம் ஓடியபடி எதிர்த்திசையில் வந்த ட்ரே பர்ட்டனிடம் தள்ளிவிட்டார். பர்ட்டன் கல்லூரி நாட்களில் குவார்ட்டர்பேக்காகவும் ஆடியவர். அவர் நிமிர்ந்து பார்த்தபோது கோட்டுக்கு அப்பால் ஃபோல்ஸ் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார், அருகில் ஒரு தடுப்பாளர்கூட இல்லை. சூப்பர் பவுலில் டச் டவுன் வீசியும் பிடித்தும் காட்டிய முதல் ஆட்டக்காரர் ஆனார் ஃபோல்ஸ். நான் இதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் என் கண் போவது பந்தின் மேல் இல்லை, அந்தக் கணநேர யோசனையின் மேல்.

இதைச் சூதாட்டம் என்று சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பருவம் முழுவதும் பீடர்சன் இப்படித்தான் நடத்தினார். நான்காவது முயற்சியில் மற்றவர்கள் பந்தை உதைத்து அனுப்பிவிடும் இடங்களில், 26 முறை துணிந்து 17 முறை முன்னேறினார்கள். எந்த நிலையில் துணிவது லாபம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல, ஹெட்செட்டில் அவருக்கு ஆள் இருந்தார். என்னைக் கேட்டால், அந்த இறுதி ஆட்டத்தின் மிகப் பெரிய முடிவு ஃபில்லி ஸ்பெஷல்கூட இல்லை. ஆட்டம் முடிய 5 நிமிடம் 39 நொடி இருந்தபோது ஈகிள்ஸ் 32-33 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது முயற்சி, தேவை ஒரு கெஜம், பந்து தங்கள் பக்கத்து 45 கெஜக் கோட்டில். தவறினால் பிரேடி கையில் பந்து. அநேகமாக ஆட்டமே முடிந்துபோகும். அங்கேயும் துணிந்தார். ஃபோல்ஸ் நெருக்கடிக்கு நடுவே சாக் எர்ட்ஸுக்குச் சிறிய வீச்சொன்றை வீசினார், இரண்டு கெஜம் கிடைத்தது. அந்த இரண்டு கெஜத்திலிருந்து தொடர்ந்த ஓட்டம்தான் எர்ட்ஸின் டச் டவுனில் போய் முடிந்தது. பிரேடி அன்று 505 கெஜம் வீசியும் முடிவு 41-33. ஃபிலடெல்ஃபியாவின் முதல் சூப்பர் பவுல். அதற்கு முன் அந்த அணி சாம்பியன் பட்டம் வென்றது 1960-இல்.

ஆட்டக்காரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் சூப்பர் பவுல் வென்றவர்களில் பீடர்சன் நான்காமவர். முன்னவர்கள் மைக் டிட்கா, டாம் ஃப்ளோரஸ், டோனி டன்ஜி. இதில் டிட்கா மட்டுமே ஆட்டக்காரராகவும் பெரும் புகழ் பெற்றவர். 1970 ஜனவரியில் கன்சாஸ் சிட்டி சூப்பர் பவுலை வென்றபோது ஃப்ளோரஸ் அங்கே மாற்று குவார்ட்டர்பேக். டன்ஜி பிட்ஸ்பர்க்கில் இரண்டு பருவமும் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பருவமும் ஆடிய தடுப்பாளர். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இந்தப் பட்டியலிலேயே பதில் இருக்கிறது.

பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. 2018, 2019 இரண்டு ஆண்டும் 9-7 என்று பிளேஆஃபுக்குப் போனார்கள். 2020-இல் அணி இரண்டாம் சுற்றில் ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. வென்ட்ஸின் ஆட்டம் அந்த ஆண்டு குலைந்துபோனது. டிசம்பரில் அவரை உட்காரவைத்தார்கள். மாற்று ஆட்டக்காரரின் மனதை அவ்வளவு நன்றாக அறிந்த பீடர்சனால், நம்பிக்கை தளர்ந்த முதல் ஆட்டக்காரரைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. இதை அவருடைய பெரிய தோல்வியாகவே நான் கருதுகிறேன். கடைசி ஆட்டத்தில், எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தும் ஹர்ட்ஸை வெளியே எடுத்து மூன்றாவது ஆளை இறக்கியது பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. 4 வெற்றி, 11 தோல்வி, 1 சமன். 2021 ஜனவரியில் அவரை நீக்கினார்கள்.

ஜாக்சன்வில்லில் 2022-இல் மறுபடி தொடங்கினார். அங்கே 2023 ஜனவரியில் ஒரு பிளேஆஃப் ஆட்டம். இளம் குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் முதல் பாதியிலேயே நான்கு பந்துகளை எதிரணிக்குக் கொடுத்து 0-27 என்று நின்றார். பீடர்சன் அவரை உட்காரவைக்கவில்லை. 31-30 என்று வென்றார்கள். அதற்குப் பிறகு அணி தேயத் தொடங்கியது. 2024-இல் 4-13 என்று முடிந்ததும் அங்கிருந்தும் நீக்கப்பட்டார்.

ஃபிலடெல்ஃபியாவின் இப்போதைய ஸ்டேடியத்துக்கு வெளியே 2018 செப்டம்பரில் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். அதில் இருப்பது டச் டவுனும் கோப்பையும் இல்லை. ஃபோல்ஸ் கேட்கிறார், பீடர்சன் கையில் திட்ட அட்டையுடன் நிற்கிறார். 1999-இல் ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு விரட்டிய வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தை 2004-இலேயே இடித்துவிட்டார்கள். சிலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அந்த இடம் வந்துவிடும். இப்போது அங்கே கார்களை நிறுத்துகிறார்கள்.